அரை விநாடி, 75 சென்ட், ஓர் எழுத்துப்பிழை: சைபர் செக்யூரிட்டி வேலையைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

ஒரு சர்வருக்குள் லாகின் செய்ய வழக்கமாக 0.3 விநாடி ஆகிறது. ஒரு நாள் 0.8 விநாடி ஆகிறது. அந்த அரை விநாடி யார் கண்ணில் படும்? ஆண்ட்ரஸ் ஃபிராயண்ட் கண்ணில் பட்டது! 2024 மார்ச். போஸ்ட்கிரெஸ் என்கிற டேட்டாபேஸின் வேகத்தைச் சோதித்துக்கொண்டிருந்த மைக்ரோசாஃப்ட் பொறியாளர் அவர். அரை விநாடி எங்கே போகிறது என்று தோண்டிக்கொண்டே போனவர், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளுக்குள் யாரோ ஒளித்துவைத்த பின்வாசலில் போய் நின்றார். ‘ஜியா டான்’ என்ற பெயரில் வந்த ஆசாமி, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்ல பிள்ளையாக உழைத்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, அந்த மென்பொருளுக்குப் பொறுப்பாளர்களில் ஒருவராகவே ஆகி வைத்த பின்வாசல் அது. சில லினக்ஸ் பதிப்புகளின் சோதனைக் கட்டம்வரை ஏறிவிட்டது. அடுத்து உலகெங்கும் உள்ள சர்வர்களுக்குப் போகவேண்டியதுதான் பாக்கி!

இதில் என்னை வாய்பிளக்க வைத்தது எது தெரியுமா? விஷயத்தை அறிவித்த மின்னஞ்சலிலேயே, தான் செக்யூரிட்டி ஆராய்ச்சியாளர் இல்லை என்று அவர் எழுதியிருந்தார்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பெற்றோர்கள் கேட்கத் தொடங்குவார்கள். “பையன் எந்நேரமும் கம்ப்யூட்டர்லதான் இருக்கான், எத்திக்கல் ஹேக்கிங்ல சேர்த்துவிடலாமா?” இன்னொரு பக்கம், “நான் பி.காம்., கோடிங் வராது, எனக்கு இந்தப் பக்கம் இடமே இல்லையா சார்?” என்று பிள்ளைகள். இரண்டு கேள்விக்கும் அடியில் இருப்பது ஒரே படம்: இருட்டறை, முகத்தை மறைத்த தொப்பிச் சட்டை, பச்சை எழுத்து ஓடும் திரை. அந்தப் படத்தை நம்பித் தகுதியுள்ள எத்தனையோ பேர் இந்தத் துறையை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஏனென்றால் இங்கே வேலையைச் செய்துமுடிப்பது, கண்ணில் பட்டதை விடாமல் துரத்தி, பிறகு அதை நாலு பேருக்குப் புரியும்படி சொல்லும் குணம். அந்தக் குணம் எந்த டிகிரியோடும் ஒட்டிக்கொண்டு வருவதில்லை!

நம்ப முடியவில்லையா? 1916-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில், ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த எலிசபெத் ஸ்மித், ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் பதிப்பைப் பார்க்க ஒரு நூலகத்துக்குப் போகிறார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களுக்குள் பிரான்சிஸ் பேகனின் ரகசியச் சங்கேதம் ஒளிந்திருக்கிறது என்று நம்பிய ஒரு பணக்காரர், அதைத் தேடும் வேலைக்கு அவரைக் கூட்டிப்போகிறார். சங்கேதம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் எலிசபெத்துக்குச் சங்கேதம் உடைக்கும் கலை கைவந்துவிட்டது! பின்னாளில் அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்காக மதுக் கடத்தல்காரர்களின் ரேடியோ செய்திகளை உடைத்தார். இரண்டாம் உலகப்போரில், தென் அமெரிக்காவில் பதுங்கியிருந்த நாஜி உளவாளிகளின் செய்திகளையும் உடைத்தார்.

பீட்டர் ஸாட்கோ தெரியுமா? ‘மட்ஜ்’ என்ற பெயரில் உலகப் புகழ்பெற்ற ஹேக்கர். 1998 மே 19 அன்று அமெரிக்க செனட் குழுவின் முன்னால் ஏழு ஹேக்கர்கள் உட்கார்ந்து, நினைத்தால் 30 நிமிடத்தில் இணையத்தையே முடக்கிவிடலாம் என்று சாட்சி சொன்னார்கள். அந்த எழுவரில் ஒருவர். பிறகு அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி அமைப்பான டார்பாவில் திட்ட மேலாளர், அப்புறம் ட்விட்டரின் பாதுகாப்புத் தலைவர். அவர் படித்தது என்ன? பெர்க்லி இசைக் கல்லூரியில் இசை!

இன்னும் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. கிளிஃபோர்ட் ஸ்டோல் வானியலாளர். 1986-ல் ஆராய்ச்சி நிதி தீர்ந்துபோக, கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாற்றப்பட்டார். சேர்ந்த சில நாட்களிலேயே ஒரு கணக்கு உதைக்கிறது. கம்ப்யூட்டர் நேரத்துக்கு வசூலித்த தொகையில் 75 சென்ட் துண்டு விழுகிறது. வெறும் 75 சென்ட்! ‘போகட்டும் விடு’ என்று யார் வேண்டுமானாலும் விட்டிருப்பார்கள். ஸ்டோல் விடவில்லை. கட்டணம் கட்டாத யாரோ ஒருவர் சில விநாடிகள் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தியிருக்கிறார் என்று கண்டார். அக்கம்பக்கத்து மேஜைகளிலிருந்து பிரிண்டர்களைக் கடன் வாங்கி, வெளியிலிருந்து வரும் தொலைபேசி இணைப்புகளில் எல்லாம் மாட்டி, அந்த ஆள் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் தாளில் எடுத்தார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரத்தோடு குறித்துக்கொண்டே வந்தார். எஃப்.பி.ஐ.யிடம் போனால், 75 சென்ட் நஷ்டத்துக்கு வழக்கா என்று ஆர்வமே காட்டவில்லை. மாதக்கணக்கில் துரத்தினார். திருடன் அதிக நேரம் லைனில் இருக்கவேண்டும் என்பதற்காகப் பொய்யான ராணுவக் கோப்புகளைத் தயாரித்து இரையாக வைத்தார். கடைசியில் கம்பியின் அந்த முனையில் இருந்தவர் யார்? மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரிலிருந்து, அமெரிக்க ராணுவக் கம்ப்யூட்டர்களைத் துழாவி, சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி.க்குத் தகவல் விற்றுக்கொண்டிருந்த மார்க்கஸ் ஹெஸ்! ஸ்டோல் செய்த ஒவ்வொன்றுக்கும் இன்றைக்கு ஒரு பெயர் உண்டு: லாக் பராமரிப்பு, ஹனிபாட், இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ். அவருக்கு அப்போது எந்தப் பெயரும் தெரியாது. கணக்கு ஏன் உதைக்கிறது என்ற கேள்விதான் அவரிடம் இருந்தது.

‘டிகிரி சரியில்லை’ என்ற பேச்சுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2017-ல் அமெரிக்காவின் எக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடி பேரின் விவரங்கள் திருடுபோனபோது, அதன் பாதுகாப்புத் தலைவர் இசை படித்தவர் என்று கண்டுபிடித்து ஊரே கேலி செய்தது. ஆனால் உண்மையில் ஓட்டை எங்கே இருந்தது தெரியுமா? அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளின் குறையை அடைக்கும் பேட்ச் மார்ச் மாதமே வந்துவிட்டது. போடச் சொல்லி நிறுவனத்துக்குள் சுற்றறிக்கையும் போனது. பெறவேண்டியவர்களின் பட்டியல் பழசு, போடவேண்டியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை! சரி, திருட்டு நடக்கும்போதாவது தெரிந்திருக்க வேண்டாமா? வெளியே போகும் தகவலைச் சோதிக்கும் கருவியின் டிஜிட்டல் சர்டிபிகேட் காலாவதியாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. கருவி குருடாக நின்றுகொண்டிருந்தது. 2017 ஜூலை கடைசியில் புதுப்பித்தார்கள். புதுப்பித்த உடனேயே சந்தேகத்துக்குரிய போக்குவரத்து திரையில் தெரிந்துவிட்டது!

இசையா குற்றம்? யார் பொறுப்பு என்ற பட்டியலை மாதாமாதம் சரிபார்ப்பது, எந்த சர்டிபிகேட் எப்போது காலாவதி ஆகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பது இதெல்லாம் இந்தத் துறையில் முழுநேர வேலைகள். இதைச் சினிமா காட்டாது. ஆனால் இப்படிப்பட்ட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், சம்பளம் தருகிறார்கள்.

பி.காம். பிள்ளைகளே, இது உங்களுக்கு. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்த கும்பல், நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்த அதன் கணக்கிலிருந்து சுமார் 95 கோடி டாலரை எடுக்க உத்தரவு மேல் உத்தரவாக அனுப்பியது. முதல் தடயம் என்ன தெரியுமா? பரிவர்த்தனைகளை அச்சடிக்கும் பிரிண்டர் வேலை செய்யவில்லை. எப்போதும் போல மக்கர் பண்ணுகிறது என்று ஊழியர்கள் நினைத்துவிட்டார்கள்! இலங்கையில் ஓர் அறக்கட்டளைக்கு 2 கோடி டாலர் போகவேண்டும். ‘ஃபவுண்டேஷன்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘ஃபேண்டேஷன்’ என்று அடித்துவிட்டார்கள் திருடர்கள். இடையில் இருந்த ஜெர்மானிய வங்கி, இது என்ன எழுத்து என்று திருப்பிக் கேட்டது. 2 கோடி டாலர் தப்பியது! அதோடு போகவில்லை. பிலிப்பைன்ஸில் பணம் போகவேண்டிய வங்கிக் கிளை ஜூபிட்டர் தெருவில் இருந்தது. ஈரான் மீதான தடைப் பட்டியலில் ‘ஜூபிட்டர்’ என்று ஒரு கப்பல் பெயரும் இருந்தது. அந்த ஒற்றைச் சொல் பொருந்தியதால் மிச்சமிருந்த 85 கோடி டாலர் அப்படியே நிறுத்தப்பட்டது! கடைசியில் மணிலாவுக்குப் போய்ச் சேர்ந்தது 8.1 கோடி டாலர். அதுவே பெருந்தொகைதான். ஆனால் மீதியைக் காப்பாற்றியது பெயரைச் சரிபார்க்கும் நடைமுறை. ஆடிட், கம்ப்ளையன்ஸ், ரிஸ்க் என்ற பெயர்களில் இந்தத் துறைக்குள் ஒரு பெரிய வாசல் திறந்துகிடக்கிறது. கணக்கும் வங்கி நடைமுறையும் தெரிந்தவர்களுக்கு அங்கே கோடிங் தெரிந்தவரைவிடச் சீக்கிரம் பிடிபடும்.

இ.இ.இ., இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவர்களும் ஒதுங்க வேண்டாம். 2010-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற மால்வேர், ஈரானின் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களை இயக்கும் சீமென்ஸ் பி.எல்.சி. கருவிகளைக் குறிவைத்தது. அதன் உள்நோக்கத்தை வெளிக்கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் ரால்ஃப் லாங்னர். ஆலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளோடு பழகியவர். நம் கூடங்குளத்திலேயே 2019-ல் நிர்வாக நெட்வொர்க்கில் மால்வேர் இருந்ததை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அணுஉலையை இயக்கும் பகுதி தனி என்பதால் அதைத் தொடவில்லை என்றும் சொன்னது. அந்தத் ‘தனி’ தனியாகவே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது ஓர் உத்தியோகம்!

சரி, வேலை கிடைத்துவிட்டது. முதல் நாள் என்ன செய்வார்கள்? எதிரி நாட்டு சர்வரை உடைப்பார்களா? பெரும்பாலான ஃப்ரெஷர்கள் போய் உட்காருவது எஸ்.ஓ.சி. என்கிற கண்காணிப்பு மையத்தில், ஷிஃப்ட் முறையில். ஓர் அலர்ட்டைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர் காலை 9.10-க்குச் சென்னையிலிருந்து லாகின் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9.25-க்கு அதே பெயரில் ருமேனியாவிலிருந்து இன்னொரு லாகின். திரையில் சிவப்பாக அலர்ட் விழுகிறது. ‘ஹேக்கிங்!’ என்று கத்தினால் வேலைக்கு ஆகாது. அந்த ஐ.பி. முகவரி கம்பெனியின் சொந்த வி.பி.என். முகவரியா? ஊழியர் ஃபோனில் வந்த அனுமதிக் கேள்விக்கு யாராவது ‘ஓகே’ தட்டினார்களா? இதற்கு முன் இந்தப் பெயரில் வெளிநாட்டு லாகின் உண்டா? இதையெல்லாம் தாண்டி, அந்த மின்னஞ்சல் கணக்கில் ‘இன்வாய்ஸ்’ என்ற சொல் உள்ள கடிதங்களையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஃபோல்டருக்கு நகர்த்தச் சொல்லி 9.31-க்கு ஒரு புது விதி போடப்பட்டிருக்கிறது என்றால், அவ்வளவுதான், உள்ளே ஆள் இருக்கிறது! பில் பணத்தை வேறு கணக்குக்குத் திருப்பத் தயாராகிறது. உடனே கணக்கை முடக்கி, மேலே தகவல் சொல்லவேண்டும். இப்படி உண்மையாக இருக்கும் ஒன்றுக்காக, ஒன்றுமில்லாத பல அலர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடவேண்டும். சலிப்பு வரும்தான். சலித்துப்போய்ப் பார்க்காமல் மூடிய அலர்ட்டில்தான் திருடன் இருப்பான்.

பார்த்தால் மட்டும் போதுமா? 2013 நவம்பரில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளின் நெட்வொர்க்குக்குள் கும்பல் புகுந்தது. குளிர்சாதன வேலைகளைக் கவனித்த ஒரு வெளிக் கம்பெனியின் பாஸ்வேர்டைத் திருடி வந்திருந்தார்கள். கருவி அலர்ட் கொடுத்தது. அதை முதலில் பார்த்தது எந்த ஊர் தெரியுமா? பெங்களூரு! அங்கிருந்த கண்காணிப்புக் குழு, மினியாபோலிஸ் தலைமையகத்துக்குத் தகவல் அனுப்பியது. அங்கே யாரும் அசையவில்லை. சுமார் 4 கோடி கார்டுகளின் விவரங்கள் போயின. இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நம்மவர்கள் கண்டுபிடித்தார்கள், சொன்னார்கள், சொன்னது காரியமாக மாறவில்லை.

அதனால்தான் இதைக் கேளுங்கள். ஓ.எஸ்.சி.பி. என்றொரு தேர்வு. ஊடுருவல் சோதனையாளராக விரும்புகிறவர்கள் எழுதுவது. கேமரா பார்த்துக்கொண்டிருக்க, 23 மணி 45 நிமிடம் கம்ப்யூட்டர்களை உடைக்கவேண்டும். முடிந்ததா? முடியவில்லை! அதற்கப்புறம் இன்னொரு 24 மணி நேரம். எதற்கு? ரிப்போர்ட் எழுத! எப்படி நுழைந்தோம் என்று படிப்படியாக, வேறொருவர் படித்து அதேபோல் செய்து பார்க்கும் அளவுக்கு எழுதிக் கொடுக்காவிட்டால் உடைத்தது எதுவும் கணக்கில் வராது. எழுத்து வராத ஹேக்கருக்குச் சான்றிதழே கிடையாது! இந்தியாவில் சைபர் சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தகவல் கொடுக்கவேண்டும் என்று 2022-ல் உத்தரவு வந்தது. அந்தப் பதற்றத்தில் என்ன நடந்தது, எப்போது நடந்தது, எது பாதிக்கப்பட்டது என்று தெளிவாக எழுதத் தெரிந்தவருக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தமிழ் மீடியம் பிள்ளைகள் மிரள வேண்டாம். அலங்கார ஆங்கிலம் யாருக்கும் வேண்டாம், நேரமும் நிகழ்வும் வரிசையாக வந்தால் போதும்.

சான்றிதழ் என்றதும் ஞாபகம் வருகிறது. சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்ற சான்றிதழை ‘கோர்ஸ் முடித்ததும் வாங்கித் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால், அனுபவத்துக்கு என்ன வழி என்று ஒரு கேள்வி கேளுங்கள். அதற்குத் தேர்வில் தேறினால் மட்டும் போதாது, துறையில் ஐந்து ஆண்டு அனுபவமும் காட்டவேண்டும். டிகிரியோ வேறு சில சான்றிதழோ இருந்தால் ஓராண்டு கழியும். கல்லூரி முடித்த கையோடு அது முழுதாகக் கிடைக்காது. ஹேக்கர்களின் ஆயுதம் என்று எல்லோரும் கொண்டாடும் காளி லினக்ஸும் அப்படித்தான். லினக்ஸே பழகாதவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று அதைத் தயாரிப்பவர்களே தங்கள் விளக்கப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்! முதலில் சாதாரண லினக்ஸ், நெட்வொர்க் எப்படி ஓடுகிறது, ஒரு வெப்சைட் லாகினைக் கேட்டதும் பின்னால் என்னென்ன பேசிக்கொள்கின்றன, இவ்வளவும் கையில் வரட்டும். ஹெல்ப் டெஸ்க் வேலையை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அதைப் பெரிய பள்ளிக்கூடம் என்பேன். எது வழக்கம் என்று தெரிந்தவருக்குத்தானே வழக்கத்துக்கு மாறானது கண்ணில் படும்?

‘உலகம் முழுக்க லட்சக்கணக்கில் காலியிடம்’ என்ற விளம்பரத்துக்கும் வருகிறேன். ஐ.எஸ்.சி.2 என்ற அமைப்பின் 2024 ஆய்வு சுமார் 48 லட்சம் பேர் பற்றாக்குறை என்றது. அந்த எண் என்ன தெரியுமா? நிறுவனங்களுக்கு எத்தனை பேர் தேவை என்பதற்கும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதற்கும் உள்ள இடைவெளி. விண்ணப்பம் போட்டு உட்காரும் நாற்காலிகளின் எண்ணிக்கை அதுவல்ல! அதே ஆய்வில், ஆள் போதாததற்குப் பட்ஜெட் இல்லை என்பது முதல் காரணமாக வந்தது. தேவை இருக்கிறது, சம்பளம் கொடுக்கப் பணம் ஒதுக்கவில்லை என்று பொருள். கடன் வாங்கிக் கோர்ஸில் சேரும் குடும்பங்களுக்கு இதை மறைப்பது பெரிய அநியாயம்.

குறையைக் கண்டு சொன்னால் பணம் தரும் பக் பவுண்டி கதைக்கு வருவோமா? சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா 2019-ல் செய்தது என்ன தெரியுமா? அப்போது இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்ட் மறந்தால் ஃபோனுக்கு 6 இலக்க எண் வரும். 10 நிமிடம்தான் ஆயுள். மொத்தம் 10 லட்சம் சாத்தியங்கள். ஒரே இடத்திலிருந்து எல்லாவற்றையும் அடித்துப் பார்த்தால், சுமார் 250 முயற்சியோடு இன்ஸ்டாகிராம் கதவைச் சாத்திவிடும். சாத்தினால் என்ன? அந்த எண்ணிக்கை ஒவ்வொரு ஐ.பி. முகவரிக்கும் தனித்தனி என்று அவர் கவனித்தார்! 1,000 முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் 2 லட்சம் எண்களை அனுப்பிக் காட்டினார். அப்படியானால் 10 லட்சத்துக்கு? 5,000 முகவரிகள். கிளவுடில் வாடகைக்கு எடுக்க ஏறத்தாழ 150 டாலர். அவ்வளவுதான் செலவு, யாருடைய கணக்கும் கைக்குள்! நிறுவனத்துக்குச் சொன்னார், அடைத்தார்கள், 30,000 டாலர் கொடுத்தார்கள். பெருக்கல், வகுத்தல், பொறுமை.

அதைப் பார்த்துவிட்டு வேலையை விட்டுவிட்டு இறங்கிவிடாதீர்கள். ஒரே குறையைப் பத்துப் பேர் கண்டால் முதலில் சொன்னவருக்குத்தான் பணம், மற்றவர்களுக்கு ‘டூப்ளிகேட்’ என்ற ஒரு வரிப் பதில். 2019-ல் 19 வயதில், ஹேக்கர்ஒன் தளத்தில் 10 லட்சம் டாலரைத் தொட்ட முதல் ஆளான அர்ஜென்டினாவின் சாண்டியாகோ லோபஸ் தொடங்கியது 50 டாலரில்தான்!

கடைசியாக, மிக ஆபத்தான நம்பிக்கை ஒன்று: ‘ஒரு கம்பெனியை உடைத்துக் காட்டினால் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்.’ உலகம் கொண்டாடியவரையே சட்டம் விடவில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை ரான்சம்வேர் பிரிட்டன் மருத்துவமனைகளையே முடக்கியபோது, சுமார் 10 டாலருக்கு ஒரு டொமைனைப் பதிவு செய்து அதன் பரவலை நிறுத்தியவர் 22 வயது மார்க்கஸ் ஹட்சின்ஸ். கல்லூரிப் பட்டம் இல்லாதவர், உலகமே கொண்டாடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் கைதானார்! அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் வங்கித் திருட்டுக்கான மால்வேர் எழுதியதற்காக. 2019-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். காவலில் கழித்த நாட்களே போதும் என்று நீதிபதி விட்டார். எல்லோருக்கும் அந்த நீதிபதி கிடைக்கமாட்டார். இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் உரிமையாளரின் அனுமதியில்லாமல் கம்ப்யூட்டருக்குள் நுழைவது 43-ஆம் பிரிவில் வருகிறது. அதையே மோசடி எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அப்படியென்றால் கண்ணில் பட்ட ஓட்டையை யாரிடம் சொல்வது? இதற்கே ஒரு வழி இருக்கிறது தெரியுமா! பல நிறுவனங்கள் தங்கள் வெப்சைட்டிலேயே ‘செக்யூரிட்டி டாட் டிஎக்ஸ்டி’ என்ற சிறு கோப்பை வைத்திருக்கும். குறை கண்டால் எந்த மின்னஞ்சலுக்கு எழுதவேண்டும் என்பது அதில் இருக்கும். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற விதிமுறைப் பக்கத்துக்கு இணைப்பும் இருக்கலாம். 2022-ல் இதற்கான வரையறை முறைப்படி வெளியானது. இந்தியாவில் செர்ட்-இன்னுக்கும் நேரடியாக எழுதலாம். எதையும் தொடுவதற்கு முன் அந்த விதிமுறையை இரண்டு தடவை படியுங்கள். அதில் பெயர் இல்லாத சர்வர் பக்கமே போகவேண்டாம்.